ஒரு பிடி மிச்சம்

கடல் கைவிட்ட பிறகுதான் நாமக்கல் புழுவிடம் போனது. எங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து லாரி லாரியாக வந்துகொண்டிருந்த கருவாட்டுத் தூள் நின்றுபோன வருடம் அது. மீன் இருந்தால்தானே கருவாடு, கருவாடு இருந்தால்தானே தூள்? சோயாப் புண்ணாக்கோ ஆனை விலை, குதிரை விலை விற்றது. புரதம் போதாமல் கோழிகள் எலுமிச்சம்பழம் அளவுக்கு முட்டையிட்டன. பண்ணைக்காரர்கள் அந்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள்.

நான் பியூலா. கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, சங்ககிரி சாலையில் அர்த்தநாரி ஐயாவின் பண்ணையில் கோழித் தீவனத்துக்குக் கலவை போடும் வேலையில் இருந்தேன். ஊசி போடாத டாக்டர் என்று பண்ணையில் என்னைக் கேலி செய்வார்கள். தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள் கட்டி, அதில் புழு வளர்த்தது என் யோசனைதான். சுற்றுவட்டாரத்துக் கல்யாண மண்டபங்கள், ஓட்டல்கள், வீடுகளிலிருந்து மிச்சம் மீதி எல்லாம் வண்டியில் வந்து தொட்டியில் விழும். ஏதோ ஓர் ஆய்வுக்கூடம் சீக்கிரம் வளர்வதற்கென்று மாற்றிக் கொடுத்த புது ரகப் புழு. அது தின்னத் தொடங்கினால் தகரத்தில் தூறல் விழுவதுபோல் ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். கொழுத்த புழுவைக் காயவைத்துப் பொடித்து மக்காச்சோளத்தோடு கலந்தால் கோழிக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. முட்டை பழைய அளவுக்கு வந்தது. மஞ்சள்கரு செவ்வந்திப் பூ நிறத்தில் இருந்தது.

கனவு வரத் தொடங்கியதும் அப்போதுதான்.

முதல் கனவு எனக்கே வந்தது. மத்தியானம் ஒரு ஆம்லெட்டைத் தின்றுவிட்டுக் கண்ணயர்ந்தேன். கனவில் நான் பட்டு வேட்டி கட்டியிருந்தேன். கையெல்லாம் ரோமம். பந்தியில் உட்கார்ந்து, கடைசி வரிசைக்குப் பாயசம் போதுமா போதாதா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எழுந்தபோது அந்தப் பாயசக் கவலை இன்னும் போகவில்லை. கல்யாணமே ஆகாத எனக்கு, யாரோ ஒரு பெண்ணைப் பெற்றவனின் படபடப்பு.

அப்புறம் எங்கள் முட்டை வண்டி ஓட்டும் குப்புராஜ் வந்தார். ஆறடி ஆள், மீசையைப் பார்த்தாலே சோதனைச் சாவடியில் தடுப்பைத் தூக்கிவிடுவார்கள்.

"டாக்டரம்மா, சொன்னாச் சிரிக்கக் கூடாது. கனவுல நான் பொம்பளைங்க. மடில கொழந்தய வெச்சுப் பால் குடுத்துட்டே, பழைய சோறு திங்கறனுங்க. கொழந்த எங்கைய இறுக்கிப் புடிச்சுக்கிச்சு. எந்திரிச்சுப் பாத்தா தலகாணி நனஞ்சு கெடக்குது. ஏன்னே தெரியலீங்க, ஒடனே எங்கம்மாவுக்குப் போனப் போட்டுட்டேன்."

நான் சிரிக்கவில்லை.

கொஞ்ச நாளில் ஊரே இப்படித்தான் விழித்தது. நகைக்கடைக்காரர் ஒருவர் மண்டபத்தில் பாத்திரம் கழுவும் பெண்ணாகக் கனவு கண்டு, மறுநாள் தன் வீட்டு வேலைக்காரியை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாராம். எப்போதும் சண்டை போடும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் ஒருவர் கனவில் மற்றவராக இருந்துவிட்டு, காலையில் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார்கள். டீக்கடை பெஞ்சில் அரசியல் குறைந்து கனவு பெருகியது. அந்தச் சில மாதங்கள் ஊர் முழுவதும் யாரோ மெதுவாக விசிறிவிட்டதுபோல் இருந்தது. நான் வாழ்ந்ததிலேயே நல்ல காலம் அதுதான்.

காரணத்தைக் கண்டுபிடித்ததும் நான்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சம்பளம் கொடுப்பவரிடம் மறைக்கக்கூடாது என்று, ஒரு காலைச் சாப்பாட்டு நேரத்தில் பண்ணைக்குள்ளேயே இருந்த வீட்டுக்குப் போய் அர்த்தநாரி ஐயாவிடம் சொன்னேன். அவர் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி பூங்கொடி அக்கா சுவரோரம் நின்று பரிமாறிக்கொண்டிருந்தார்.

"ஐயா, புழு சோத்தைச் செரிச்சிருது. ஆனா சோத்துல ஒட்டிக்கிட்டு வருற எச்சில்ல ஒரு புரதம் இருக்கு. அதை மட்டும் இந்தப் புது ரகம் செரிக்கல. அப்படியே உள்ள வச்சுக்கிடுது. புழுவுல இருந்து கோழி, கோழியில இருந்து மஞ்சக்கரு, அங்க இருந்து நம்ம வயிறு."

"அதுக்கும் கனவுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"சாப்பிடும்போது ஒருத்தர் மனசுல என்ன ஓடுதோ, அது கொஞ்சம் எச்சில்ல எறங்குதுன்னு நெனைக்கேன். அதைத் தின்னவங்க அதைக் கனவா பாக்காங்க. இன்னும் முழுசா நிரூபிக்க முடியல."

அவர் கையை உதறினார். "அப்ப என்ற பண்ண முட்டைய தின்னா, கண்டவன் எச்சில தின்ன மாதிரிங்கறீங்க."

எச்சில் என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில், சாதி, குலம், கோத்திரம் எல்லாம் இருந்தது. அந்த வீட்டில் ஆட்களுக்கென்று தனித் தம்ளர் உண்டு. அதற்கு 'விருந்தாளி தம்ளர்' என்று நாகரிகமாகப் பெயர் வைத்திருந்தார்கள். நல்லவேளை, அவர் முட்டையே தின்பதில்லை. "விக்கறவன் திங்கக் கூடாது" என்பது அவர் சித்தாந்தம். தட்டில் வழக்கம்போல் ஒரு பிடி சோற்றை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார். எத்தனை ருசியாக இருந்தாலும் அந்த ஒரு பிடி மிச்சம் இருக்கும். பண்ணையார் தோரணை என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

பூங்கொடி அக்கா தட்டை எடுத்தார். அவர் புருசனோடு பேசி வருடக்கணக்காகிவிட்டது. "சோறு எடுத்து வெச்சாச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். சுவர் அதை ஐயாவிடம் சொல்லும்.

அன்று மாலை பூங்கொடி அக்கா என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"அம்மிணி, நீங்க சொன்னது நெசந்தானுங்களா? கனவுல வாரவங்க உசிரோட இருக்கறவங்கதானுங்களா?"

"சாப்பிட்டு மிச்சம் வச்சவங்கதானக்கா வருவாங்க. செத்தவங்க எப்படிச் சாப்பிடுவாங்க?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். பிறகு சொன்னார். அவர்களுக்கு ஒரே மகள், நிரஞ்சனா. வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். அந்த வாரமே அர்த்தநாரி ஐயா சொந்தபந்தங்களை எல்லாம் கூட்டிக்கொண்டு காவேரிக்குப் போய், செத்தவளுக்குச் செய்வதுபோல் அவளுக்குத் தலைமுழுகினார். மூன்று முழுக்கு. மூன்றாவது முழுக்கில் வெகுநேரம் தண்ணீருக்குள்ளேயே இருந்தாராம். "மனுசன் எத்தன அழுத்தமா முழுகறாரு பாரு" என்று கரையில் நின்றவர்கள் மெச்சிக்கொண்டார்களாம். மேலே வந்து, ஈரத் துணியோடு எல்லார் முன்னாலும் சொன்னார்: "இனி அவ என்ற கண்ணுல பட்டா, வெட்டிப் போட்டுருவேன்." அதன்பிறகு மகள் எங்கே போனாள், இருக்கிறாளா என்பதே தெரியாது.

"நேத்துக் கனவுல எங்கைல தீக்காயம் இருந்துச்சு அம்மிணி. இங்க, மணிக்கட்டுக்கு மேல. பாப்பா சின்னதுல வட சட்டில கைய வெச்சுச் சுட்டுக்கிட்டது. நான்தான் மருந்து போட்டேன், எனக்குத் தெரியாதா? ஜன்னல்ல சங்ககிரி மலைக்கோட்ட தெரிஞ்சுது. பக்கத்துல ஒரு பொட்டப் புள்ள உக்காந்து தோசைய பிச்சுப் பிச்சுப் போடுது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சங்ககிரி அரைமணி நேரப் பயணம்கூட இல்லை.

அதன்பிறகு அக்கா ஒரு பைத்தியத்தோடு முட்டை தின்றார். எந்தத் தொட்டிப் புழு எந்தக் கொட்டகைக்குப் போகிறது என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, சங்ககிரி மிச்சத்தைத் தின்ற புழு போகும் கொட்டகையின் முட்டையையே தேடித் தின்றார். பத்தில் ஒன்பது நாள் யாரோ வந்தார்கள். பரீட்சைக்குப் பயப்படும் பையன், பல்வலிக்காரர், காதலிக்குப் பொய் சொல்லிவிட்டுப் புரோட்டா தின்பவன். மீதி ஒரு நாள் மகள் வருவாள். அன்று அக்காவின் நடையே வேறாக இருக்கும். தெருமுனையில் நீல விளக்குப் போட்ட மளிகைக் கடை, அங்கே அடுக்கியிருக்கும் நம் பண்ணை முத்திரை போட்ட முட்டை அட்டை என்று ஒவ்வொன்றாகக் கனவிலிருந்து எடுத்துவந்தார். இன்னொருத்தி வாழ்க்கைக்குள் கேட்காமல் எட்டிப் பார்ப்பது சரிதானா என்று எனக்கு உறுத்தல்தான். ஆனால் பெற்றவளிடம் அதை எப்படிச் சொல்வது?

"வீடு தெரிஞ்சுபோச்சுல்லாக்கா, போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றேன் ஒருநாள்.

அவர் தலையை ஆட்டினார். "நேத்து அந்தப் புள்ள அவகிட்டக் கேட்டுச்சுங்க, 'அப்பிச்சி எங்கம்மா இருக்காங்க'ன்னு. அம்மாவப் பெத்தவர அப்பிச்சின்னுதான கூப்புடுவோம். பாப்பா, 'உனக்கு அப்பிச்சி இல்ல'ன்னு சொல்லுச்சு. அப்ப அவ நெஞ்சுக்குள்ள நான் இருந்தேன் அம்மிணி. கோவமில்லீங்க. பயம். வாசல்ல வண்டி நின்னா, கதவுச் சத்தம் கேட்டா, எல்லாம் பயம். அவுங்கப்பா அருவாளோட வந்துருவாருன்னு இன்னும் பயந்துட்டே சோறு திங்கறா. நான் போயி வாசல்ல நின்னா, எடம் தெரிஞ்சுபோச்சுன்னு அன்னைக்கே ஊர விட்டு ஓடிருவா. அப்புறம் கனவுலயும் வரமாட்டா."

ஒரு மனிதர் கோபத்தில் சொன்ன ஒரு வாக்கியம், இத்தனை வருடமாக ஒரு பெண்ணின் சாப்பாட்டில் கல்லாகக் கிடக்கிறது. எனக்கு அர்த்தநாரி ஐயாவின் மேல் வந்த ஆத்திரத்தில் வேலையை விட்டுவிடலாமா என்றுகூட இருந்தது.

இதற்குள் எச்சில் விஷயம் எப்படியோ வெளியே கசிந்தது. சுவருக்கும் காது உண்டு, அந்த வீட்டுச் சுவருக்கு வாயும் உண்டு. மறுநாள் முதல் விசிறிக்காற்று நின்று புழுக்கம் தொடங்கியது. நேற்றுவரை கனவைச் சொல்லிச் சொல்லிக் கரைந்தவர்கள், இன்று யார் எச்சில் என்று கேட்டுக் கொதித்தார்கள். கீழ்த்தெருக்காரன் எச்சிலையா நான் தின்றேன் என்று மேல்தெருக்காரர் குமட்டினார். மேல்தெருவின் புளித்துப்போன மனசையா நாங்கள் சுமந்தோம் என்று கீழ்த்தெரு கேட்டது. பாதிப் பேர் முட்டையைத் தெருவில் போட்டு உடைத்தார்கள். மீதிப் பேர் யாருக்கும் தெரியாமல் வாங்கிப் போனார்கள். கடைசியில், ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு புழுத் தொட்டிகளைச் சுண்ணாம்பு போட்டு மூடிவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

உத்தரவு வந்த அன்று பூங்கொடி அக்கா ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார். "அம்மிணி, ஒரு கை புழுக்குஞ்சு குடுங்க. சமையக்கட்டுக்குப் பின்னால என்ற நாட்டுக்கோழி அஞ்சாறு நிக்குதில்ல, அதுங்களுக்கு."

மகளை இனிக் கனவில்கூடப் பார்க்க முடியாதே என்று தவிக்கிறார், ஏதோ கொஞ்ச நாளுக்காவது ஓட்டலாம் என்று நினைக்கிறார் போலும் என்று எண்ணிக்கொண்டேன். வீட்டுக்குப் பின்னால் வளர்க்கும் புழுவுக்குச் சங்ககிரி மிச்சம் எங்கிருந்து கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் படித்தவள். டப்பா நிறையக் கொடுத்தேன்.

ஆடிப்பெருக்கு போயிற்று. சுண்ணாம்பு மூட்டைகள் வந்து இறங்கின. காலை வெயிலில் ஆட்கள் கூடை கூடையாகத் தொட்டியில் கொட்ட, அர்த்தநாரி ஐயா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். அந்தத் தூறல் சத்தம் ஒவ்வொரு தொட்டியாக அடங்கிக்கொண்டு வந்தது. அவரவர் கல்யாணப் பாயசமும் பல்வலியும் தாய்ப்பாலும் வெள்ளையாக மூடப்படுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கேட்டுக்கு வெளியே ஒரு பைக் வந்து நின்றது. ஒரு பெண் இறங்கினாள், கையில் சின்னப் பெண்குழந்தை. பைக் ஓட்டிவந்தவன் இறங்கவில்லை. வண்டியை அணைக்கவும் இல்லை.

அவள் நடந்து வந்தாள். சுண்ணாம்புப் புகையில் முகம் சரியாகத் தெரியவில்லை, முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்த கை மட்டும் தெரிந்தது. மணிக்கட்டுக்கு மேலே தீக்காயத் தழும்பு. ஐயாவின் கையில் மண்வெட்டி இருந்தது.

அவள் அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள். குழந்தையை இறக்கித் தனக்குப் பின்னால் விட்டாள். குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை.

"தண்ணிக்குள்ள நின்னு எதுக்குங்கப்பா கூப்பிட்டீங்க? மேல வந்து கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்குமில்லீங்களா?"

மண்வெட்டி கீழே விழுந்தது.

"உனக்கு... அது..." அவர் வாய் கோணியது. "அது ஆருக்கும் தெரியாது கண்ணு. எனக்கும் காவேரிக்கும்தான் தெரியும்."

"எனக்குத் தெரியுமுங்கப்பா. நான்தான் தண்ணிக்குள்ள இருந்தேன். பச்சையா இருந்துச்சு. காதெல்லாம் அடைச்சுது. நீங்க 'பாப்பா, பாப்பா'ன்னு கத்தக் கத்த, குமிழியா மேல போச்சு. மேல போகவே வேண்டாம்னு நெனச்சீங்க. அப்புறம், தெனமும் கடேசி ஒரு பிடி சோத்த உருட்டி... அது எனக்கு ஊட்டி விடற உருண்டைன்னு எடுத்து வெச்சுட்டு எந்திரிக்கறீங்க. எல்லாம் எனக்குத் தெரியும்."

அவர் கூரைத் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு குலுங்கியது. ஆட்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்கள். யாரும் சொல்லாமலே செய்த மரியாதை அது.

நான் பூங்கொடி அக்காவைத் தேடினேன். சமையற்கட்டு வாசலில், ஈரக் கையோடு, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவர்போல் நின்றிருந்தார். ஆச்சரியப்பட்டவர் மாதிரி இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, அந்தப் புழுவுக்கு என்னத்தைப் போட்டீங்க?"

"அவுங்க தட்டு மிச்சத்தத்தான்." அவர் கண் மகளை விட்டு நகரவில்லை. "முட்ட திங்காம தப்பிச்சுக்கிட்டாரு. தட்டுல மிச்சம் வெக்கறத மறந்துட்டாரு."

"அந்த முட்டையை உங்க மகளுக்கு அனுப்பி..."

"மொதல்ல நான் தின்னு பாத்தனுங்க அம்மிணி. இந்த மனுசன நம்பிப் புள்ளயக் கூப்புடலாமான்னு தெரியோணுமில்ல? கல்யாணமான புதுசுல அவுங்க எலைலதான் நான் சாப்புடுவேன். அன்னைக்கு ஆத்துல முழுகுனதுல இருந்து தொட்டதில்ல. இத்தன வருசம் கழிச்சு, அவுங்க எச்சில முட்டைல தின்னேன். தின்னுட்டு, அந்தத் தண்ணிக்குள்ள நானும்தான் கெடந்து கத்துனேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்புறம்தான் குப்புராஜுகிட்டக் குடுத்து, நீல லைட்டுக் கடைல வெக்கச் சொன்னேன். 'தீக்காயத் தழும்போட ஒரு பொண்ணு வரும், அதுக்கு மட்டும் குடு'ன்னு."

இத்தனை வருடம் ஒரு மனிதரோடு ஒரு கூரையின் கீழ் இருந்தும், அவர் மனசில் இருப்பதைத் தெரிந்துகொள்ள ஒரு புழுவும் ஒரு கோழியும் வேண்டியிருந்தது. விஞ்ஞானத்தைப் பாராட்டுவதா, மனிதர்களைத் திட்டுவதா என்று தெரியாமல் நான் அங்கேயே நின்றேன்.

பூங்கொடி அக்கா நேராகப் புருசன் முன்னால் போனார். இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, எந்திரிங்க. மாப்பிள வெயில்ல நிக்கறாரு."

அர்த்தநாரி ஐயா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கேட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு, "வண்டிய நெழல்ல நிறுத்தச் சொல்லு கண்ணு. உள்ளார வரச் சொல்லு அவர" என்றார். 'அவர' என்றாரே, அது போதும் எனக்கு.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். இலை போட்டுச் சாப்பாடு. நாட்டுக்கோழி முட்டை அவித்து வைத்திருந்தார் அக்கா. அந்தக் குழந்தை ஒரு முட்டையை எடுத்து ஒரு கடி கடித்தாள். தெரியாத இந்தப் பெரிய மனிதரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் இலையில் முட்டை இல்லாததைப் பார்த்துப் பாவப்பட்டிருக்க வேண்டும். கடித்த மீதியை அப்படியே நீட்டினாள்.

"அப்பிச்சி, இந்தாங்க."

பந்தி நின்றது. நிரஞ்சனா குழந்தையின் கையைப் பிடித்து இழுக்கப் போனாள். அவள் கணவன் தலையைக் குனிந்துகொண்டான். எச்சில், அதுவும் யாருடைய எச்சில் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

அர்த்தநாரி ஐயா குழந்தையின் கையைத் தன் இரண்டு கைகளாலும் ஏந்தி, அந்தப் பாதி முட்டையை வாயில் வாங்கிக்கொண்டார். மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். அன்று அவர் இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

மறுநாள் காலை, வெள்ளையாகக் கிடந்த தொட்டிகளின் ஓரமாக அவர் நடந்துகொண்டிருந்தார். அவர் தின்றது பின்கட்டுக் கோழியின் முட்டை. அவருடைய கனவேதான் அவருக்கும் வந்திருக்க வேண்டும். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"ஐயா, ராத்திரி எதாவது வந்துச்சா?"

"வந்துச்சுங்க. தண்ணிதானுங்க, அதே தண்ணி." அவர் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "ஆனா இந்தத் தடவ, மேல இருந்து ஆரோ அப்பிச்சின்னு கூப்பிட்டாங்க. வந்துட்டனுங்க."